துருவ நட்சத்திரம் தெரியாத காடு

பினாங்குத் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஐந்தரைப் பாகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் ஐந்தரைப் பாகைதான் எழும்பி நிற்கும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறைந்துபோகும் உயரம் அது. கோலாலம்பூரில் இன்னும் தாழ்வு, மூன்று பாகை. பினாங்கின் கொடிமலைச் சரிவில் மரங்களுக்கு நடுவே இரவில் மாட்டிக்கொண்டவர் கண்ணுக்கு அது அகப்படவே அகப்படாது.

காட்டில் பிழைக்கும் வித்தை என்று காணொளிகளில் வருபவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டிலோ பாலை நிலத்திலோ பிறந்தவை. அங்கே அவை சரி. இங்கே கொண்டுவந்தால் ஒவ்வொன்றாகக் கைவிடும். சூரியனை வைத்துத் திசை பார்ப்பதையே எடுத்துக்கொள்ளலாம். நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பினாங்கில் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. அந்த நண்பகலும் 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்துக்கொண்டது. பினாங்கில் உச்சிப்பொழுது பகல் 1 மணிக்கும் 1.35க்கும் இடையில்தான். கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் தெற்கைக் கணக்கிடும் முறை இங்கே ஆளைத் தவறான பள்ளத்தாக்கில் இறக்கிவிடும். மாறாக, ஒரு சின்னத் திசைகாட்டி இங்கே மிக நேர்மையான கருவி. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு என்பதால், எந்தத் திருத்தமும் போட வேண்டியதில்லை.

நம் காட்டில் கற்க வேண்டியவற்றின் வரிசையே வேறு. முதலில் வெளிச்சமும் வழியும். பிறகு ஈரம், தண்ணீர், தீ. உணவு கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே கண்ணி வைக்கவும் கிழங்கு தோண்டவும் கற்பவர்கள்தான் அதிகம்.

வெளிச்சத்தில் தொடங்குவோம். பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 7 மணிக்கும் 7.40க்கும் இடையில். ஆனால் அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான். மேகம் கவிந்த நாளில் 6.15க்கே வேரும் பாதையும் பிரித்தறிய முடியாமல் போகும். எனவே கணக்கு இப்படி: ஏறத் தொடங்கும் நேரத்துக்கும் மாலை 6 மணிக்கும் நடுப்புள்ளி எதுவோ, அதுவே திரும்பும் நேரம். பிற்பகல் 2 மணிக்குத் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஏறினால் 4 மணிக்குத் திரும்பியாக வேண்டும், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி. தலைவிளக்கைச் 'சும்மா காலை நடைதானே' என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவது, சின்ன மலையிலும் தேடுதல் நடவடிக்கையில் கொண்டுபோய் விடும்.

வழி தவறியது தெரிந்ததும் முதல் வேலை உட்கார்வது. பத்து நிமிடம், தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கும்வரை. அந்த நேரத்தில் கால் தன்னிச்சையாகச் சரிவில் இறங்கத்தான் பார்க்கும். 'ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும்' என்ற அறிவுரை சமவெளி ஆறுகளுக்குப் பொருந்தலாம். கொடிமலை கருங்கல் மலை. அதன் ஓடைகள் பாசி படிந்த பாறையில் ஓடி, திடீரென அருவியாகக் குதிக்கின்றன. இறங்கியவர் கீழே போகவும் முடியாமல் மேலே ஏறவும் முடியாமல் ஒரு பாறைப்படியில் மாட்டிக்கொள்வார். நீரின் இரைச்சலில் அவர் கத்துவதும் வெளியே கேட்காது. பள்ளத்தில் கைப்பேசிக்கு அலையும் கிடைக்காது. முகட்டை நோக்கிப் போவதே மேல். பழைய பாதைகளும் பன்றித் தடங்களும் பெரும்பாலும் முகட்டில்தான் ஓடும். அலையும் அங்கேதான் எட்டும்.

கைப்பேசியில் 999க்கு அழைப்பு போகாவிட்டால் இருப்பிட எண்களைக் குறுஞ்செய்தியாக வீட்டுக்கு அனுப்பவும். குரல் போகாத மெல்லிய அலையிலும் எழுத்து போய்ச் சேரும். அலையே இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் இருப்பிடத்தைக் கருவி கணக்கிட்டுக்கொள்ளும் என்பதால், அந்த எண்களை முதலில் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அலை கிடைக்கும் மேட்டைத் தேடலாம். இடைப்பட்ட நேரத்தில் விமானப் பயன்முறை. அலை தேடித் தேடியே கருவியின் மின்கலம் காலியாகும். விசில் மூன்று முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி மூன்று. தொண்டை அரை மணியில் கட்டிவிடும். விசில் இரவு முழுதும் ஊதலாம்.

ஓடையைப் பற்றி இன்னொன்று. மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள், நீரின் தலை. உலு லங்காட் போன்ற அருவிப் பகுதிகளில் குளிக்கிறவர்களை அடித்துப்போவது இது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மேலே மலையில் பெய்த மழை ஒரே திரளாக இறங்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பையைக்கூட எடுக்காமல் மேடேற வேண்டும். கிடைக்கும் நேரம் சில நிமிடம், சில வேளை அதுவும் இல்லை. ஓடையை ஒட்டிய மணல்திட்டில் கூடாரம் போடக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது ஈரம். வெப்ப நாட்டில் குளிரால் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிவாரத்தில் இரவு வெப்பநிலை 23, 24 பாகை. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலைத் தலைப்பில் இன்னும் நாலைந்து பாகை குறைவு. உலர்ந்த உடலுக்கு இது சுகம். நனைந்த உடலுக்கு அப்படியில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மழையில் ஊறிய பருத்திச் சட்டையோடு, பசித்த வயிற்றோடு, காற்றடிக்கும் முகட்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் நடுக்கம் தொடங்கி, பேச்சு குழறி, புத்தி மங்கும். நடுக்கம் நின்றுபோவது நல்ல அறிகுறி அல்ல; உடல் தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதற்கான பழக்கம் எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஒரு சட்டையும் கால்சட்டையும் இரட்டை நெகிழிப் பையில் கட்டி வைத்திருக்க வேண்டும். அது படுப்பதற்கு மட்டும். விடிந்ததும் அதைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, பிழிந்து வைத்த ஈர உடையையே திரும்ப மாட்ட வேண்டும். உடல் கூசும். ஆனால் உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டுமே ஈரம். அடுத்த இரவுக்கு எதுவும் மிஞ்சாது.

கூரைக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாய் ஒன்று போதும். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் பாயைப் போட்டு, இரு பக்கமும் தாழ இழுத்துக் கட்டுவது. கட்டும் முன் அண்ணாந்து பார்க்க வேண்டும்: தலைக்கு மேல் பட்ட கிளை இருந்தால் இடத்தை மாற்றவும். மழைக்காட்டில் புலி, பாம்பைவிட முறிந்து விழும் கிளையை அஞ்சுவது அறிவு. பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோப்பை ஒட்டிய பாதையாக இருந்தால், பழம் விழும் பருவத்தில் மரத்தடியே ஆகாது. கயிற்றின் இரு முனையிலும் துணித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால், மரத்தில் வழியும் நீர் கயிற்றைப் பிடித்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டிப்போகும்.

தார்ப்பாய் இல்லாதபோது பெர்த்தாம் பனை ஓலை, வாழை இலை. தோட்டத்து லயங்களில் அத்தாப்புக் கூரை வேய்ந்த தலைமுறைக்கு இந்த விதி தெரியும்: கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ளதைப் பாதிக்குமேல் மூட வேண்டும், சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது. தட்டையான கூரை எத்தனை அடுக்கு போட்டாலும் ஒழுகும். நீர் வழிய நேரமில்லாமல் ஊறி இறங்குவதுதான் காரணம். படுக்கை தரையில் படக்கூடாது. தூளி போலத் தொங்கும் படுக்கை இருந்தால் அதுவே சிறப்பு. இல்லையேல் சருகைக் குவித்து, அழுத்தினாலும் ஒரு சாண் உயரம் நிற்கும்படி. வெறும் தரை உடல் சூட்டை உறிஞ்சும். எறும்பும் பூரானும் அட்டையும் அங்கேதான். அட்டை கடித்தால் உப்பையும் நெருப்பையும் தேட வேண்டாம். நகத்தை வாய்ப்பக்கம் வைத்துத் தோலோடு வழித்துவிட்டால் கழன்றுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் நிற்காமல் கசியும்; உறையவிடாத சுரப்பு அதன் எச்சிலில் உள்ளது.

தீயில்தான் வெளிநாட்டுப் பாடம் முழுசாகத் தோற்கும். கட்டையைக் கட்டையோடு தேய்த்துத் தீ உண்டாக்க, விறகு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் காற்றின் ஈரத்தோடு சமன் கொள்ளும் பொருள். ஈரப்பதம் 80 முதல் 90 விழுக்காடு உள்ள காற்றில், எத்தனை மாதம் கிடந்தாலும் அதன் எடையில் 16 முதல் 20 விழுக்காடு நீர் தங்கிவிடும். பயிற்சியில் ஊறிய கைக்கே இது கடினம். மழை நாளில் முதல் முறை முயல்பவர் கை கொப்பளித்ததுதான் மிச்சம். ஆகவே இரண்டு லைட்டர், இரண்டு வெவ்வேறு பைகளில். நனைந்த லைட்டர் பொறி விடாது. சக்கரத்தை ஊதி, உலர்ந்த துணியில் பலமுறை உருட்டினால் திரும்ப வரும்.

பற்றவைக்கும் பொருளுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூசைத் தட்டில் ஏற்றும் கற்பூரம் ஈரக் காற்றிலும் உடனே பற்றும். ஒரு கட்டி ஓரிரு நிமிடம் நின்றெரியும். ஆனால் அது திறந்திருந்தால் காற்றோடு கரைந்து போகும் என்பதால், இறுக்கமான திருகுமூடிப் புட்டியில் வைக்க வேண்டும். அடுத்தது குங்கிலியம். லிட்டில் இந்தியா பூசைக் கடைகளில் கிடைக்கும் இந்தப் பிசினும், மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும் 'டாமார்' என்று பந்தம் கொளுத்தியதும் ஒரே மரக் குடும்பத்துச் சரக்கு. மெராந்தி, செங்கால் போன்ற மரங்களின் காயத்தில் வழிந்து இறுகி, அடிமரத்தருகே கட்டியாய்க் கிடக்கும். நனைந்திருந்தாலும் துடைத்துவிட்டால் எரியும். மூன்றாவது, பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அறிந்த ஒட்டுப்பால். பால் பிடிக்கும் மங்கிலும் வெட்டுப் பட்டையிலும் காய்ந்து ஒட்டிய அந்தத் துண்டு மழையிலும் கரும்புகையோடு விடாமல் எரியும். சைக்கிள் டியூபை விரலகலம் நறுக்கி வைத்துக்கொண்டாலும் அதே பலன். புகை நாற்றமும் நஞ்சும் உள்ளது என்பதால், விறகு பிடித்த பிறகே சட்டியை ஏற்ற வேண்டும்.

விறகு தரையில் கிடப்பதை எடுக்கக்கூடாது, அது பஞ்சு போல நீர் குடித்தது. நின்றபடியே பட்டுப்போன, கை மொத்தமுள்ள மரத்தைத் தேடி, பாராங் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் நடுவில் உலர்ந்த வைரம் இருக்கும். அதைச் சீவி, பென்சில் முனை மொத்தம், பென்சில் மொத்தம், கட்டைவிரல் மொத்தம் என்று மூன்று குவியல். போதும் என்று தோன்றுவதைப்போல மூன்று பங்கு சேர்த்த பிறகுதான் தீக்குச்சி. தரையிலேயே மூட்டாமல், மணிக்கட்டு மொத்தக் கட்டைகளை நெருக்கி அடுக்கி, அதன்மேல் மூட்ட வேண்டும். மழைக்காட்டில் தீ அணைவது பெரும்பாலும் மழையால் அல்ல. அடியிலிருந்து ஏறும் ஈரத்தாலும், பொடிச் சுள்ளி தீர்ந்துபோவதாலும்.

இனித் தண்ணீர். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் தண்ணீர்மலையின் பெயரே இந்தத் தீவில் அது பஞ்சமில்லை என்று சொல்கிறது. கிடைப்பது சிரமமில்லை, தூய்மையாக்குவதே வேலை. நெகிழித்தாள் விரித்துச் சூரிய வெப்பத்தில் நீர் வடிப்பதெல்லாம் காட்டுத்தரையில் நடக்காது, வெயிலே எட்டுவதில்லையே. மழையைப் பிடிக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 9 சதுர மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 90 லிட்டர். சரிவாகக் கட்டி பாதி வீணானாலும் இரண்டு பேருக்கு மிச்சமாகும். ரோத்தான் கொடியிலும் குடிக்கும் நீர் உண்டு. முதலில் எட்டும் உயரத்தில் மேலே வெட்டி, பிறகு கீழே வெட்ட வேண்டும். முறை மாறினால் நீர் மேல்நோக்கி உறிஞ்சப்பட்டுவிடும். வடிவது கலங்கியோ பாலாகவோ கசந்தோ இருந்தால் அது வேறு கொடி, விட்டுவிட வேண்டும்.

ஓடை நீரில் எலிச் சிறுநீர் வழி பரவும் கிருமி பெரிய அபாயம். அது 0.1 மைக்ரான் அளவே பருத்த, திருகு வடிவக் கிருமி, 0.2 மைக்ரான் என்று விற்கும் வடிகட்டியிலும் நழுவிப் போகக்கூடியது. வைரஸ்களும் அப்படித்தான். கொதிக்கவைப்பதே உறுதியான வழி: குமிழி பொங்கி ஒரு நிமிடம். அதற்குமேல் கொதிக்கவிட்டால் விறகுதான் வீண். சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட எண்ணற்ற தமிழர்களை நினைக்கும்போது இது மனத்தைக் கனக்கச் செய்கிறது. 1943இன் மழைக்காலத்தில் அந்த முகாம்களில் காலரா பரவியது. கொதிக்கவைத்த நீரும், கழிப்பிடத்தை ஓடையிலிருந்து தள்ளி வைப்பதும் மறுக்கப்பட்ட இடங்களில் சாவு கூடியது. கழிப்பிடம் நீரிலிருந்து குறைந்தது எழுபது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழக் குழியில். வயிறு போக ஆரம்பித்தால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து. உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து.

உணவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், ஆரோக்கியமான உடல் சோறில்லாமல் பல நாள் தாங்கும், பிடுங்கித் தின்ற ஒரு கிழங்கைத் தாங்காது. 'காடோங்' என்னும் காட்டுவள்ளிக்கிழங்கு நல்ல மாவுள்ளது. அதோடு நரம்பைத் தாக்கும் நஞ்சும் உள்ளது. கிளந்தான் கிராமங்களில் அதை மெல்லியதாகச் சீவி, உப்பிட்டு, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துத்தான் உண்பார்கள். அந்தப் பொறுமையும் கைப்பழக்கமும் இல்லாதவர் தொடக்கூடாது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களைக் காத்த மரவள்ளிக்கும் ஒரு முறை உண்டு: தோலை முழுதும் உரித்து, நறுக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். தோலிலும் கசப்பு வகையிலும் சயனைடாக மாறும் பொருள் உள்ளது.

'குரங்கு தின்றால் நாமும் தின்னலாம்' என்பது பலரை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடிய நம்பிக்கை. எட்டிப் பழத்தின் சதையைப் பறவை கொத்தும். அதன் விதை மனிதனைக் கொல்லும். நாக்கில் தொட்டுச் சோதிக்கும் முறையும் காளானுக்கும் இத்தகைய விதைகளுக்கும் உதவாது. ஓடைக்கரையில் சுருண்டு நிற்கும் பாக்குக் கீரை என்னும் பெரணித் தளிரை அடையாளம் தெரிந்தவர் பறித்து, வேகவைத்து, நீரைக் கொட்டி உண்ணலாம். சந்தையில் வாங்கி ஒரு பருவம் முழுதும் கையில் பழகிய பிறகே காட்டில் அதை நம்ப வேண்டும். தொடவே கூடாத மரங்களும் உண்டு. ரெங்காஸின் பால் தோலில் பட்டுக் கறுத்து, கொப்புளமாகும். சதுப்பு நிலக்கரைகளில் நிற்கும் தில்லை மரம், சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான். மலாயில் அதன் பெயர் 'பூத்தா பூத்தா', குருடு என்று பொருள். பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அதன் விறகுப் புகையும் கண்ணெரிச்சல் தரும்.

காட்டையே நம்பி ஒற்றை ஆளாய் வாழ்வது என்ற கனவுக்கு இந்த மண்ணில் முன்னுதாரணம் இல்லை. பூர்வகுடிகளே கூட்டமாய் வாழ்ந்தவர்கள். ரோத்தானையும் டாமாரையும் கொடுத்து உப்பும் இரும்பும் வாங்கியவர்கள். தெமுவான், செமாய் மக்கள் மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிட்டவர்கள். அந்த வாழ்வில் ஒரு துளியைக் கற்க விரும்புகிறவருக்கு, தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கொல்லையில் ஒரு சாண் நீள மரவள்ளித் தண்டு நான்கை நட்டு, எட்டு பத்து மாதம் கழித்துத் தோண்டுவது நல்ல தொடக்கம். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்படி, நிரந்தர வனக்காப்பகத்தில் நுழைய அனுமதியும், அங்குள்ளதை எடுக்க உரிமமும் வேண்டும். கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். கண்ணிக்கு ஆடு எது, மலேசியப் புலி எது என்று தெரியாது. தெலோக் பாஹாங்கில் 2003இல் அரசிதழில் ஏறிய பினாங்கு தேசியப் பூங்காவிலும் கம்பு வெட்டுவதும் கண்ட இடத்தில் தீ மூட்டுவதும் கூடாது. தார்ப்பாய் கட்டவும் விறகு பிளக்கவும் வீட்டு முற்றத்திலேயே, மழை பெய்யும்போது பழகலாம். மழையில் வராத வித்தை நமக்கு வித்தையே அல்ல.

பாம்பு கடித்தால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தவறு. மலேசியாவின் வட மாநிலங்களில் அதிகம் கடிப்பது விரியன் இனம். கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசையை அழுகவிடும். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பாம்பின் புகைப்படம் ஒன்று எட்டி நின்று எடுக்க முடிந்தால் மருத்துவருக்கு உதவும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

காட்டிலிருந்து திரும்பியதும் வேலை முடிவதில்லை. குளிக்கும்போது அக்குள், இடுப்பு வார் படும் இடம், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் தடவிப் பார்க்க வேண்டும். சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த, வலிக்காத சிறு பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். லாலாங் புல்லும் காட்டு விளிம்பும் சேருமிடத்தில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடம் அது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் குளோரம்ஃபெனிகால் கொடுத்துப் பார்க்கும்வரை அதற்கு மருந்தே கிடையாது; இன்று மாத்திரையில் குணமாகிவிடும், சரியாகக் கண்டுபிடித்தால். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். கெண்டைக்கால் வலி, சிவந்த கண். குரங்குகளிடமிருந்து கொசு வழி வரும் மலேரியா நாள்தோறும் காய்ச்சல் தரும், 24 மணி நேரத்தில் பெருகும். மூன்றுமே முதல் நாளில் சாதாரண டெங்கி போலவே தெரியும். ஆகவே மருத்துவரிடம் காய்ச்சல் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியில், எந்த மலையில், எந்த ஓடையில் இறங்கினோம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தேதியைப் போய்வந்த அன்றே நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளவும்.